இளமகளிர் உலகக் கூடைப்பந்துப் போட்டி: நாற்பதாண்டு வரலாறும் அது உணர்த்தும் உண்மையும்

முன்னுரை

பந்தாடும் மகளிரைத் தமிழிலக்கியம் நெடுங்காலமாக அறியும். பந்து, கழங்கு, ஊசல், ஓரை ஆகியன சங்க மகளிரின் ஆடல்களாகப் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதியே பந்தாடலுக்கென அமைந்துள்ளது. அங்கெல்லாம் புலவரின் நோக்கு பெரிதும் ஆடுவோரின் அழகின்மேற் செல்கின்றது. மகளிரின் பந்தாட்டத்தை வலிமை, பயிற்சி, அறிவுக்கூர்மை ஆகியவற்றின் தேர்வாக உலகம் ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். அந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் களங்களுள் ஒன்று, 19 வயதிற்குட்பட்ட மகளிர்க்கெனப் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு நடத்திவரும் உலகப் போட்டியாகும்.

1985 ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டி 2025 ஆம் ஆண்டோடு நாற்பதாண்டுகளை நிறைவுசெய்தது. இக்காலத்தில் 16 முறை நடைபெற்றுள்ளது. யார் எப்போது வென்றார் என்னும் பட்டியலை மட்டும் தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வென்றவர் ஏன் அப்போது வென்றனர்? திறமையிருந்தும் சிலர் ஏன் களத்தினுள் காலெடுத்து வைக்கவே இயலாமற் போயிற்று? இவ்விரு வினாக்களை முன்னிறுத்தி அவ்வரலாற்றை நோக்குவதே ஈண்டு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

ஆட்டத்தின் பிறப்பும் மகளிர் களமும்

கூடைப்பந்தாட்டம் பிறந்த நாளும் இடமும் ஐயமின்றி அறியப்பட்டவை. 1891 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை உருவாக்கினார். கனடாவிற் பிறந்த அவர், கடுங்குளிர் காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தைத் தேடினார். பீச் பழக் கூடைகள் இரண்டைச் சுவரின் உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடையிற் பந்திடும் ஆட்டமாதலின் அது கூடைப்பந்து ஆயிற்று. தமிழில் நாம் வழங்கும் பெயரும் அப்பொருளை அப்படியே ஏந்தி நிற்கின்றது.

மறு ஆண்டே இவ்வாட்டம் மகளிரைச் சென்றடைந்தது. அதே மாநிலத்து நார்த்தாம்ப்டன் நகரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக விளங்கிய செந்தா பெரென்சன் இதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். இவர் இன்றைய லித்துவேனியாவிற் பிறந்து, இளமையில் குடும்பத்துடன் அமெரிக்காவிற் குடியேறியவர். 1893 ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியரிடையே போட்டி நடைபெற்றபோது, அரங்கினுள் ஆடவர் எவரும் அனுமதிக்கப்படவில்லை.

பெரென்சன் நெய்ஸ்மித்தின் விதிகளை மாற்றியமைத்தார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் தம் பகுதியைவிட்டு வெளியேறலாகாது என்றார். எதிரியின் கையிலிருக்கும் பந்தைப் பறித்தல் கூடாது. பந்தை மூன்று நொடிகளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது. மூன்று முறைக்குமேல் தரையிற் தட்டுதலும் கூடாது என்று வரையறுத்தார். பெண்ணுடல் மிகை உழைப்பைத் தாங்காது என்று மருத்துவரும் பெற்றோரும் நம்பிய காலம் அது. அந்நம்பிக்கை நிலவிய சூழலில் இவ்விதிகள் ஒரு கேடயமாகப் பயன்பட்டன. இவ்விதிகள் இல்லையெனில் பெண்கள் ஆடவே விடப்பட்டிருக்க மாட்டார்கள் எனலாம்.

ஆனால் காலம் மாறிய பின்னும் கேடயம் கையைவிட்டு நீங்கவில்லை. பாதிக் களத்தில் மட்டும் ஓடும் அறுவர் ஆட்டம், அமெரிக்க மகளிரிடையே நெடுங்காலம் நிலைத்தது. கல்லூரிகளில் 1971 ஆம் ஆண்டளவிலேதான் ஐவர் ஆடும் முழுக்கள ஆட்டம் நிலைபெற்றது. அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் 1993 வரையிலும், ஓக்லகோமாவில் 1995 வரையிலும் பழைய ஆட்டமே தொடர்ந்தது. பாதுகாப்புக்கென இடப்பட்ட வேலி, உள்ளே இருப்பவர் வளர்ந்த பின்னும் அகற்றப்படாவிடின் சிறையாகிவிடும். இவ்வுண்மையை இவ்வாட்டத்தின் வரலாறு மீண்டும் ஒருமுறை நமக்குக் காட்டவிருக்கின்றது.

உலகப் போட்டியின் தோற்றம்

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1932 ஆம் ஆண்டு ஜெனிவாவில் நிறுவப்பட்டது. சுருக்கமாக ஃபிபா என்று இது வழங்கப்பெறும். ஆடவர் கூடைப்பந்து 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மகளிர்க்கு அவ்வாய்ப்பு வந்தது 1976 ஆம் ஆண்டு மாண்ட்ரியாலில்தான். இடைவெளி 40 ஆண்டுகள். ஆடவர்க்கான உலகப் போட்டி 1950 ஆம் ஆண்டு அர்ஜென்டினாவிலும், மகளிர்க்கானது 1953 ஆம் ஆண்டு சிலியிலும் தொடங்கின. இளையோர் நிலையிலும் இதே வரிசை தொடர்ந்தது. இளைஞர்க்கான உலகப் போட்டி 1979 ஆம் ஆண்டு பிரேசிலிலும், இளமகளிர்க்கான போட்டி ஆறாண்டுகள் கழித்து 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலும் தொடங்கப்பெற்றன.

அதே 1985 ஆம் ஆண்டில்தான், ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள நெய்ஸ்மித் நினைவுப் புகழ் மன்றத்தில் செந்தா பெரென்சனின் பெயர் இடம்பெற்றது. அம்மன்றத்தில் முதன்முதலாக இடம்பெற்ற பெண்டிருள் அவரும் ஒருவர். மகளிர் ஆட்டத்தின் அன்னையைப் போற்றிய ஆண்டும், அவருடைய பேர்த்தியர் வயதினர் உலக அரங்கில் ஏறிய ஆண்டும் ஒன்றாய் அமைந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

தொடக்கத்தில் இப்போட்டி நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெற்றது. 1985, 1989, 1993, 1997, 2001, 2005 என ஆறு போட்டிகள் இவ்வாறு நிகழ்ந்தன. 2007 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. இம்மாற்றத்தின் பயன் பெரிது. நான்காண்டு இடைவெளியில், பிறந்த ஆண்டு சற்று முன்பின்னாக அமைந்துவிட்டால் ஒரு பெண் தன் வாழ்நாளில் இப்போட்டியில் ஆடத்தக்க வயதையே தவறவிட நேரும். ஈராண்டு முறையில் அந்த இழப்பு குறைந்தது.

போட்டி நடைபெறும் ஆண்டின் முடிவில் 19 வயதைக் கடவாதவர்களே இதில் ஆடலாம். 16 அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிந்து முதலில் தமக்குள் மோதுகின்றன. பின்னர்த் தோற்றவர் பட்டப் போட்டியினின்று விலகும் சுற்றுகள் தொடர்கின்றன. ஓர் ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளையுடையது. பந்தைக் கைக்கொண்ட அணி 24 நொடிகளுக்குள் அதனைக் கூடையை நோக்கி எறிதல் வேண்டும். மகளிர்க்கான பந்து ஆறாம் எண் பந்து எனப்படும். ஆடவர் பயன்படுத்தும் ஏழாம் எண் பந்தினும் அது சற்றே சிறியது. கூடையின் உயரம் இருபாலார்க்கும் ஒன்றே, பத்தடி.

முதற் காலம்: சோவியத்து ஒன்றியம்

முதலிரு போட்டிகளிலும், அதாவது 1985 ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் 1989 ஆம் ஆண்டு ஸ்பெயினின் பில்பாவோவிலும், தங்கம் வென்றது சோவியத்து ஒன்றியம். இது வியப்பிற்குரியதன்று. அந்நாட்டில் சிறுவர்க்கும் இளையோர்க்குமான விளையாட்டுப் பள்ளிகள் அரசின் பொறுப்பில் பரவலாக இயங்கின. உயரமும் விரைவும் உடைய சிறுமியர் பள்ளிப் பருவத்திலேயே இனங்காணப்பட்டு, பயிற்றுநரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இம்முறையின் ஆற்றலுக்குச் சான்றாக ரீகா நகரின் மகளிர் கழகத்தைச் சுட்டலாம். சோவியத்து லாத்வியாவைச் சேர்ந்த அக்கழகம் 1960 முதல் 1982 வரையிலான காலத்தில் ஐரோப்பியக் கழகக் கோப்பையை 18 முறை வென்றது. அக்கழகத்தின் பெரும் வீராங்கனையான உல்யானா செமியோனவா ஏறத்தாழ ஏழடி உயரமுடையவர். 1976, 1980 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் அவர் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அத்தகைய மூத்தோரைக் கண்டு வளர்ந்த தலைமுறையே இளமகளிர் போட்டியில் வென்றது.

1991 ஆம் ஆண்டு சோவியத்து ஒன்றியம் கலைந்தது. அரசின் கருவூலத்தை நம்பியிருந்த அமைப்பும் அதனோடு தளர்ந்தது. எனினும் அடித்தளம் முற்றிலும் அழியவில்லை என்பதை 2017 ஆம் ஆண்டில் ரஷ்யா பெற்ற வெற்றி காட்டிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஆஸ்திரேலியாவும் செக் நாடும்

1993 ஆம் ஆண்டு தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற்ற மூன்றாம் போட்டியில் ஆஸ்திரேலியா தங்கம் வென்றது. மக்கட்தொகை குறைந்த நாடு இவ்வெற்றியை எவ்வாறு பெற்றது? 1981 ஆம் ஆண்டு கான்பெராவில் அந்நாட்டரசு ஒரு விளையாட்டுக் கழகத்தை நிறுவியது. நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இளையோர், படிப்பும் பயிற்சியும் ஒருங்கே பெறும் வகையில் அங்குத் தங்கவைக்கப்பட்டனர். மகளிர் கூடைப்பந்திற்கும் அங்கு இடமளிக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டு வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர் லாரன் ஜாக்சன். அப்போது அவருக்கு வயது 16. பின்னாளில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகப் போற்றப்பெற்று, 2021 ஆம் ஆண்டு புகழ் மன்றத்திலும் இடம்பெற்றார்.

2001 ஆம் ஆண்டு செக் நாட்டின் பர்னோ நகரில் நடைபெற்ற ஐந்தாம் போட்டியில், தன் மண்ணிலேயே செக் அணி தங்கம் வென்றது. அப்போட்டியில் அமெரிக்கா பெற்றது வெண்கலம். கழகங்கள் வலுவாக இயங்கும் சிறுநாடும் பேரரசுகளை வெல்லக்கூடும் என்பதற்கு இவ்வெற்றி எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்க எழுச்சியும் அதன் காரணமும்

ஆட்டம் பிறந்த மண்ணான அமெரிக்கா, முதல் மூன்று போட்டிகளில் ஒரு பதக்கமும் பெறவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். முதற்போட்டி அதன் சொந்த மண்ணிலேயே நடந்தும் இதுவே நிலை. ஆனால் 1997 ஆம் ஆண்டு பிரேசிலின் நட்டால் நகரில் முதற் தங்கத்தை வென்றபின், 2025 வரையிலான 13 போட்டிகளில் 11 தங்கங்களை அந்நாடு வென்றுள்ளது. இந்த மாற்றத்திற்கு ஒரு சட்டத்தை முதன்மைக் காரணமாகக் கொள்ளலாம்.

1972 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் அமெரிக்காவில் கல்வித் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதன் ஒன்பதாம் பிரிவு, அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டுதல் கூடாது என்று விதித்தது. அச்சட்டத்தின் நோக்கம் கல்வி முழுவதையும் தழுவியது. ஆயினும் அதன் விளைவு விளையாட்டுத் திடலில்தான் கண்கூடாகத் தெரிந்தது. 1971-72 கல்வியாண்டில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் அணிகளில் ஆடிய மாணவியர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. பின்னர் அத்தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது.

சட்டம் வந்தது 1972 இல். முதற் தங்கம் வந்தது 1997 இல். இடையிலுள்ள 25 ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது? 1997 ஆம் ஆண்டின் அணியில் ஆடியோர் 1978 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்கள். அவர்கள் பிறக்கும்போதே சட்டம் இருந்தது. அவர்கள் பந்தைத் தொடும் பருவத்தில் பள்ளிகளில் அணிகள் இருந்தன. 1982 முதல் மகளிர்க்கெனத் தேசியக் கல்லூரிச் சங்கத்தின் சாம்பியன் போட்டியும் இருந்தது. 1997 ஆம் ஆண்டிலேயே மகளிர்க்கான தொழில்முறைப் போட்டித் தொடரும் அந்நாட்டிற் தொடங்கியது. ஒரு நல்ல சட்டத்தின் பயனைக் காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும் என்பதையே இது காட்டுகின்றது. விதை இட்டவர் கனியுண்ண வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

2005 ஆம் ஆண்டு துனீசியத் தலைநகர் துனிசில் இப்போட்டி நிகழ்ந்தது. ஆப்பிரிக்க மண்ணிலும் அரபு நாட்டிலும் இது நடைபெற்றது அதுவே முதன்முறை. அங்குத் தொடங்கி 2007 (பிராட்டிஸ்லாவா), 2009 (பாங்காக்), 2011 (சிலியின் புவெர்ட்டோ மோன்ட்), 2013 (லித்துவேனியா), 2015 (ரஷ்யாவின் செக்கோவ்) எனத் தொடர்ந்து ஆறு முறை அமெரிக்கா வென்றது. 2013 ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் பிரான்சை 61-28 என்னும் கணக்கில் அது வென்றபோது, இனி எவரும் இவ்வணியை நெருங்க இயலாது என்னும் எண்ணமே மேலோங்கியிருக்கும். பிரியான்னா ஸ்டூவர்ட் (2013), ஏஜா வில்சன் (2015), கெய்ட்லின் கிளார்க் (2021) ஆகியோர் இப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றுப் பின்னர்ப் பெரும்புகழ் எய்தினர். செந்தா பெரென்சன் பிறந்த லித்துவேனிய மண்ணிலேயே, அவர் ஆட்டம் கற்பித்த நாட்டின் இளமகளிர் 2013 ஆம் ஆண்டு வெற்றி பெற்றமை வரலாறு தானே வரைந்த ஓர் அழகிய வட்டமாகும்.

இடைவெளி குறைந்த காலம்

2017 ஆம் ஆண்டு இத்தாலியின் உதினே நகரில் அமெரிக்காவின் தொடர்வெற்றிக்குத் தடை விழுந்தது. இறுதியாட்டத்தில் ரஷ்யா 86-82 என்று வென்றது. 2019 ஆம் ஆண்டு பாங்காக்கில் அமெரிக்கா மீண்டும் தங்கம் பெற்றது எனினும், ஆஸ்திரேலியாவை வெல்லக் கூடுதல் ஆட்ட நேரம் தேவைப்பட்டது, கணக்கு 74-70. 2021 ஆம் ஆண்டு ஹங்கேரியின் டெப்ரெட்சனிலும், 2023 ஆம் ஆண்டு மாட்ரிட்டிலும், 2025 ஆம் ஆண்டு மீண்டும் பர்னோவிலும் அமெரிக்காவே வென்றது. மாட்ரிட்டில் ஸ்பெயினுக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு மூன்று புள்ளிகள் மட்டுமே, 69-66. உக்ரைன் மீதான போரை அடுத்து 2022 ஆம் ஆண்டு ரஷ்ய அணிகள் விலக்கப்பட்டமையால், 2017 ஆம் ஆண்டின் வெற்றியாளர் நாடு மாட்ரிட்டிலும் பர்னோவிலும் களத்தில் இல்லை.

வெற்றிப் பட்டியலின் உச்சியை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வரலாறு ஒரே நாட்டின் வரலாறாகத் தோன்றும். சற்றே கீழே நோக்கின் வேறு காட்சி புலப்படும். 2011 ஆம் ஆண்டு தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வெண்கலம் வென்ற பிரேசில் அணியின் டமிரிஸ் டான்டாஸ். 2017 ஆம் ஆண்டு நான்காம் இடம் பெற்றது ஜப்பான். நான்காண்டுகள் கழித்து அந்நாட்டு மகளிர் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றனர். 2021 ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய மாலி, அரையிறுதிவரை சென்று நான்காம் இடம் பெற்றது. வறுமை மிக்க நாடு அது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவ்வணியின் சிகா கோனே என்னும் வீராங்கனையை மறு ஆண்டே அமெரிக்கத் தொழில்முறைக் கழகமொன்று தேர்ந்தெடுத்தது. செல்வம் வெற்றிக்குத் துணை என்பது உண்மை. ஆனால் பெண் மக்களை ஆடவிடும் மனம் அதனினும் முந்தையது என்பதை மாலி மெய்ப்பித்தது.

ஐந்து சென்டிமீட்டர் விதி

திறமையிருந்தும் களத்தினுள் நுழைய இயலாதவரைப் பற்றிய வினாவிற்கு இப்போது வருவோம்.

கூட்டமைப்பின் விதிநூலில், ஆடுவோர் தலையணிகளை அணிதல் கூடாது என்றொரு விதி இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள தலைப்பட்டைக்கு மட்டும் விலக்கு உண்டு. இவ்விதி எந்தச் சமயத்தையும் குறிவைத்து எழுதப்பட்டதன்று. ஊசி குத்துதல், துணி கழன்று விழுதல், எதிரியின் விரல் சிக்குதல் போன்ற இடர்களைத் தவிர்ப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும், எண்ணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. தலையை மறைக்கும் முஸ்லிம் பெண்ணும், தலைப்பாகை அணியும் சீக்கிய ஆடவரும், தம் நம்பிக்கைக்கும் ஆட்டத்திற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராயினர்.

2014 ஆம் ஆண்டு ஜூலையில் சீனாவின் வூகான் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில், இந்திய அணியின் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் ஆகிய இருவரும் தலைப்பாகையைக் களைந்தபின்னரே ஆட அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், கத்தார் மகளிர் அணி மங்கோலியாவுடன் ஆடவேண்டியிருந்தது. தலைத்துணியைக் களையுமாறு கூறப்பட்டபோது அவர்கள் மறுத்தனர். ஆட்டம் மங்கோலியாவிற்கு வழங்கப்பட்டது. ஒரு பந்தும் எறியாமலே அவ்வணியினர் போட்டியினின்று விலகினர்.

தனியொருவரின் இழப்பையும் இங்குக் கூறுதல் வேண்டும். பில்கிஸ் அப்துல்காதிர் என்பார், கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பெண். பள்ளி அணியில் 3,070 புள்ளிகள் எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாதனையை நிறுவினார். பின்னர் மெம்பிஸ் பல்கலைக்கழக அணியில், தலைத்துணியுடன் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல்நிலைப் பிரிவில் ஆடிய முதற்பெண் ஆனார். பள்ளியும் கல்லூரியும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் 2014 ஆம் ஆண்டு படிப்பு முடிந்து, அயல்நாட்டுத் தொழில்முறைக் கழகங்களை நாடியபோது பன்னாட்டு விதி குறுக்கே நின்றது. ஆட்டம் பிறந்த ஊரின் மகள், ஆட்டத்தின் பன்னாட்டு வாயிலில் நிறுத்தப்பட்டார்.

அவரும், போஸ்னிய வழிவந்த இந்திரா கால்யோ முதலியோரும் வெகுண்டெழுந்து களத்தைப் புறக்கணிக்கவில்லை. விண்ணப்பங்களை எழுதினர், கையொப்பங்களைத் திரட்டினர், தம் வாதத்தைச் சான்றுகளோடு முன்வைத்தனர். 2014 ஆம் ஆண்டிலேயே கால்பந்துக் கூட்டமைப்பு தலைத்துணிக்கு இசைவளித்திருந்தது அவர்தம் வாதத்திற்கு வலுச் சேர்த்தது. கூடைப்பந்துக் கூட்டமைப்பும் அவ்வாண்டு சோதனை முறையில் விதியைத் தளர்த்தத் தொடங்கியது. இறுதியில் 2017 ஆம் ஆண்டு மே 4 ஆம் நாள் ஹாங்காங்கிற் கூடிய அதன் பேரவை புதிய விதியை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

புதிய விதியின் அமைப்பு நோக்கத்தக்கது. தலையணி கறுப்பாகவோ வெண்மையாகவோ அணியின் உடை நிறத்திலோ இருக்கலாம். அணியினர் அனைவர்க்கும் ஒரே நிறமாதல் வேண்டும். முகத்தின் எப்பகுதியையும் அது மறைத்தல் கூடாது. முகத்தருகிலும் கழுத்தருகிலும் பூட்டோ ஊசியோ இருத்தல் கூடாது. எப்பகுதியும் வெளியே நீட்டிக்கொண்டிருத்தலும் கூடாது. பழைய விதி காக்க விரும்பிய பாதுகாப்பு முழுவதும் இதிற் காக்கப்பட்டது, நம்பிக்கையும் காக்கப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள் என்று கருதியமையே முன்னைய பிழை. செந்தா பெரென்சனின் மூன்று பகுதிக் களத்தைப் போலவே, இங்கும் வேலி இட்டவர் நன்மையே எண்ணினர். வேலிக்கு வெளியே நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கத்தான் காலம் தாழ்ந்தது.

புதிய விதியின்கீழ் நடைபெற்ற முதல் இளமகளிர் உலகப் போட்டி 2019 ஆம் ஆண்டு பாங்காக் போட்டியாகும். 2021 ஆம் ஆண்டு ஜோர்டானின் அம்மான் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் ஈரான் மகளிர் அணி களமிறங்கியது. பில்கிஸ் அப்துல்காதிரோ தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை. அவர் தட்டிய கதவு, அவருக்குப் பின் வந்தோர்க்குத் திறந்தது.

ஆசியத் தகுதிப் போட்டியும் இந்தியாவும்

உலகப் போட்டிக்குச் செல்லும் வழி கண்டந்தோறும் நடைபெறும் 18 வயதிற்குட்பட்டோர் போட்டியாகும். ஆசியாவும் ஓசியானியாவும் இணைந்த ஒரே போட்டியாக இப்பகுதிக்கு அது அமைந்துள்ளது. ஆதலின் ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான் போன்ற வலிய அணிகளை எதிர்கொண்டே எவரும் முன்னேற வேண்டும். 2023 ஆம் ஆண்டு மாட்ரிட் போட்டிக்கான ஆசியத் தகுதிப் போட்டி 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் நடைபெற்றது. நம் அண்டை மாநிலத்து மண்ணிலேயே உலகப் போட்டியின் வாயில் திறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 2017 ஆம் ஆண்டு ஜூலையில் அதே நகரில் மூத்தோர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில், இந்திய மகளிர் கசகஸ்தானை 75-73 என்று வென்றனர்.

தமிழகத்திற்கும் இவ்வாட்டத்திற்கும் உள்ள உறவு சிறிதன்று. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமையேற்று நெடுங்காலம் ஆடினார். 2021 ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணும் இவ்வாட்டத்தில் உயரலாம் என்பதற்கு அவர் நம்மிடையே வாழும் சான்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை. சோவியத்து நாடு சிறுமியர்க்குப் பள்ளிகளைத் திறந்தது, வென்றது. ஆஸ்திரேலியா படிப்பையும் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது, வென்றது. அமெரிக்கா சட்டத்தால் திடலைப் பொதுவாக்கியது. ஒரு தலைமுறை காத்திருந்து வென்றது. திறமை எல்லா நாட்டிலும் பிறக்கின்றது. அதற்குத் திறந்த கதவு எல்லா நாட்டிலும் இருப்பதில்லை. உலகப் போட்டியின் வெற்றிப் பட்டியல், ஆழ நோக்கின், எந்நாடு எப்போது எக்கதவைத் திறந்தது என்னும் பட்டியலேயாகும்.

கதவுகள் எல்லாம் ஜெனிவாவிலும் ஹாங்காங்கிலும் மட்டும் இருப்பனவல்ல. மாலை நான்கு மணிக்குப்பின் மாணவியர்க்கு ஆடுகளம் கிடைக்குமா என்பது ஒரு கதவு. பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்துவது ஒரு கதவு. தலைத்துணி அணிந்து ஆடலாம் என்று பன்னாட்டு விதியே கூறுகின்றது என்பதை ஒரு தந்தைக்கு எடுத்துரைப்பதும் ஒரு கதவே. உடையைக் காரணம் காட்டி மகளை வீட்டில் நிறுத்தும் பெற்றோரும், உடையைக் காரணம் காட்டி அவளை அணியில் சேர்க்காத பயிற்றுநரும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒரே கதவை அடைக்கின்றனர். இருவரும் 2017 ஆம் ஆண்டின் விதியை ஒருமுறை படித்தல் நலம்.

செந்தா பெரென்சன் தம் மாணவியர் கையிற் பந்தைக் கொடுத்தபோது உலகப் போட்டியைக் கனவு கண்டிருக்க மாட்டார். அவர் செய்தது எளிய செயல். ஓர் ஆசிரியை, ஒரு கல்லூரி, ஒரு பந்து. அவ்வெளிய தொடக்கத்திற்கு வேண்டியன எல்லாம் நம் கல்லூரிகளிலும் உள்ளன. நம் மாணவியருள் எவரேனும் உலகக் களத்தை எட்டுவாரா என்பதைக் காலம் கூறட்டும். அவர்கள் நம் ஊர்க் களத்தை எட்டுவதை உறுதிசெய்வது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.